ஒரே ஊர்ப் பையன்கள்

ஹாலாஸ்யம் சார் கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் தேவலை, ஒதுங்கிப் போயிருப்பேன். அவர் நல்லவர். அதுவும் அடுத்தவனுக்கு நல்லது செய்தே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு அலைகிற ரகம். அந்த நல்ல மனசால்தான் என் உயிர் போக இருந்தது, எங்கள் ஊர் மலையாண்டிக்கு வலது கை போயிற்று.

எண்பதாம் வருஷம். ப்ளஸ் டூ என்ற ஒன்று புதிதாக வந்து, அதில் முதல் செட்டாகத் தேறியவர்கள் நாங்கள். மதுரைக்கு மேற்கே நாங்கள் சேர்ந்த காலேஜிலோ செமஸ்டர் முறை புதுசு. அதென்ன செமஸ்டர் என்று கேட்டால், கேட்டவனைவிடப் பதில் சொல்ல வந்தவன் அதிகமாக முழித்தான். மேஜர், துணைப்பாடம், விருப்பப்பாடம், பேட்ச் என்று போர்டு நிறைய எழுதிப் போட்டிருந்தார்கள். கிராமத்துப் பையன்கள் அதன் முன்னால் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி நின்றோம். இதற்காகவே புதுப் பையன்களைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு வாத்தியாரை ஆலோசகர் என்று போட்டிருந்தார்கள். எதைப் படிப்பது, எந்த வகுப்பில் உட்காருவது என்பதை அவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆபீசில் செல்லும். போட்டுவிட்டால் செமஸ்டர் முடிகிற வரைக்கும் மாற்ற முடியாது. எனக்கு வாய்த்த ஆலோசகர் கணக்கு டிபார்ட்மெண்ட் ஹாலாஸ்யம்.

அவரிடம் போய் நான் ஹிஸ்டரி வேண்டும் என்றேன்.

மார்க் ஷீட்டைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கணக்குல இருநூத்துக்கு நூத்தி எண்பத்தேழு. உனக்கு எதுக்குடா ஹிஸ்டரி?"

"பிடிக்கும் சார்."

"அசோகரோட அப்பா யாரு?"

எனக்குத் தெரியவில்லை. அசோகருக்கு அப்பா இருந்தார் என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"பொய் சொல்றே. மருது, என்னைப் பார்த்துச் சொல்லு. கணக்கு மேஜர்னா பயமா?"

எனக்குக் கணக்கு என்றால் உயிர். ராத்திரி சோறு இல்லையென்றாலும் ஒரு நல்ல கணக்கைக் கொடுத்தால் தூங்கிவிடுவேன். ஆனால் கணக்கில் மலையாண்டி ஏற்கெனவே சேர்ந்துவிட்டான். அதுதான் காரணம். அதை நான் வெளியே சொல்லக் கூடாது.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். இரண்டு வீட்டாரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கண்மாய் மடையைத் திறக்கிற தகராறில் என் சித்தப்பா முத்திருளனை வெட்டிப் போட்டார்கள். அடுத்த அறுப்புக்குள் மலையாண்டியின் அப்பா கரும்புக் காட்டில் கிடந்தார். யார் யாரைச் செய்தது என்று ஊருக்கெல்லாம் தெரியும், கோர்ட்டுக்கு மட்டும்தான் தெரியவில்லை. இதற்கு மேல் பிணம் விழக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் இரண்டு வீட்டையும் கோயிலில் நிறுத்திச் சத்தியம் வாங்கினார்கள். இரண்டு வீட்டு ஆளும் ஒரே கூரைக்குக் கீழே உட்காரக் கூடாது. டீக்கடையானாலும் பஸ்ஸானாலும் முந்திப் போனவனுக்கு இடம். பிந்திப் போகிறவன் அத்துமீறினவன். அத்துமீறினவனுக்கு என்ன நடந்தாலும் ஊர் கேட்காது. வெளியாளிடம் இதைப் பற்றி மூச்சு விட்டால் போலீஸ் மறுபடி கிளறும் என்பதால் அதற்கும் சத்தியம்.

கணக்கு வகுப்பு காலையில், ஹிஸ்டரி வகுப்பு மதியம். மலையாண்டி காலை ஷிப்டுக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பட்டும், நான் மதிய பஸ்ஸில் போகலாம். என் அய்யா காளை இப்படித்தான் என் படிப்பை முடிவு செய்து அனுப்பியிருந்தார். காலேஜ் வைத்த ஆலோசகருக்கு முன்னாலேயே எனக்கு ஓர் ஆலோசகர் இருந்தார், பாவம், ஹாலாஸ்யத்துக்கு அது தெரியாது.

அவர் பாரத்தில் நான் எழுதியிருந்த ஹிஸ்டரியை அடித்துவிட்டுக் கணக்கு என்று எழுதினார்.

"சார், வேண்டாம் சார்."

"காரணம் சொல்லு."

"வேண்டாம் சார்."

"காரணம் இல்லைன்னா பயம்தான். இதோ பாரு, உங்க ஊர்லேர்ந்தே மலையாண்டின்னு ஒரு பையன் என்கிட்ட வந்திருக்கான். நல்ல பையன். ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல போடறேன். ஒரே பஸ்ல வரலாம், புஸ்தகம் ஒரு செட்டு வாங்கினாப் போதும். ஒரே ஊர்ப் பசங்க, ஒருத்தனுக்கு ஒருத்தன் துணை."

கையெழுத்துப் போட்டு, மையை ஊதிக் காயவைத்து, பெருமையாக என்னிடம் நீட்டினார். அய்யாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் ஓடியது. அதே சமயம் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் குதித்ததையும் மறைக்க விரும்பவில்லை. கணக்கு கிடைத்துவிட்டதே!

வீட்டில் சொன்னதும் அய்யா தார்க்குச்சியை எடுத்தார். மாட்டுக்குக்கூட அப்படி விழுந்திருக்காது. முதுகில் தொடங்கித் தொடை வரைக்கும் விளாசினார். நான் ஓடவில்லை. அடித்து ஓய்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"காலேஜே வேணாம், வீட்ல கெட. சரியா?"

"இல்லய்யா. நான் கணக்குப் படிக்கப் போறேன்."

பிறகு உள்ளே போய்ச் சூரிக்கத்தியைக் கொண்டுவந்து என் புஸ்தகப் பைக்குள் வைத்தார்.

"போறதுன்னா இதோட போ. அத்துமீறிப் போறவன் வெறுங்கையோட போகக் கூடாது."

முதல் நாள் வகுப்பு. மலையாண்டி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒல்லி, சோடாபுட்டிக் கண்ணாடி, எண்ணெய் வழிகிற தலை. ஊதினால் விழுந்துவிடுவான். அவனைப் பார்த்தா நான் பயப்பட்டேன் என்று தோன்றியது. பயம் அவனைப் பார்த்து இல்லை, அவன் அண்ணன் கருத்தக்கண்ணனை நினைத்து. அப்பனைக் கரும்புக் காட்டிலிருந்து தூக்கி வந்தவன் அவன்தான்.

ஹாலாஸ்யம் என் தோளில் கைபோட்டு அழைத்துப் போய் அவன் பக்கத்தில் உட்கார வைத்தார். "ஒரே ஊர்" என்று வகுப்புக்கே சொல்லிவிட்டு போர்டுப் பக்கம் திரும்பினார்.

மலையாண்டி என்னைப் பார்க்காமலே பேசினான்.

"ஏன்டா வந்த? எந்திரிச்சுப் போயிரு."

"சாருதான்டா உக்கார வச்சாரு."

"போயிருடா. நீ எம்பக்கத்துல உக்காந்து நான் சும்மா இருந்தேன்னு தெரிஞ்சா எங்கண்ணன் நம்ம ரெண்டு பேரையும் வெட்டிப்புடுவான்."

"எனக்குக் கணக்கு வேணும்டா."

"எனக்கு மட்டும் வேணாமாடா?" என்றான். அழுதான். அழுதுகொண்டே பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து, பெஞ்சின் மேலிருந்த என் இடது கையில் ஓங்கிக் குத்தினான். முள் கையைத் துளைத்து மரத்தில் இறங்கி நின்றது. நான் கத்தின கத்தில் ஹாலாஸ்யத்தின் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது. என் வலது கை தானாகப் பைக்குள் போனது. கத்தியின் பிடி கையில் தட்டுப்பட்டது. எடுத்திருப்பேன். அவன் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்திருந்ததைப் பார்த்ததில் ஒரு நொடி தயங்கினேன், அந்த நொடியில் ஹாலாஸ்யம் வந்து அவன் கன்னத்தில் அறைந்தார். பை சரிந்து கத்தி தரையில் விழுந்தது. உடனே எனக்கும் ஓர் அறை.

இருவரையும் சட்டையைப் பிடித்து டிபார்ட்மெண்ட் அறைக்கு இழுத்துப் போனார். என் கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டே புலம்பினார்.

"ஒரே ஊர்ப் பசங்கதானேடா! ஒரே ஊர்ப் பசங்கதானே!"

"ஒரே ஊருங்கறதாலதான் சார்" என்றேன்.

சத்தியத்தை மீறி இரண்டு பேரும் எல்லாவற்றையும் சொன்னோம். அவன் விட்ட இடத்தில் நான், நான் விட்ட இடத்தில் அவன். கேட்கக் கேட்க அவர் முகம் சுண்டிப் போயிற்று. எழுந்து ஆபீசுக்கு ஓடினார். செமஸ்டர் முடியாமல் மேஜரை மாற்ற முடியாது, வேண்டுமானால் பையனுக்கு டி.சி. கொடுக்கிறோம் என்றார்கள். டி.சி. என்றால் என் படிப்பு அன்றோடு முடிந்தது. அவர் திரும்பி வந்து, பேப்பரை எடுத்துக் கட்டம் போட்டு, மறுநாள் காலை வரைக்கும் என்னென்னவோ அடித்துத் திருத்தி எழுதினார். தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் எங்களை வேறு வேறு செக்ஷனில் போட்டார். கணக்கு வகுப்பு ஒரு நாள் அவனுக்கு, ஒரு நாள் எனக்கு. எவன் வெளியே நிற்கிறானோ அவனுக்கு அதே பாடத்தை ஹாலாஸ்யமே தனியாகச் சாயந்திரம் எடுப்பார், மற்றவன் பஸ் ஏறிப் போன பிறகு.

இதை ஊர் ஏற்க வேண்டுமே? தானே எங்கள் ஊருக்கு வந்தார். வந்த மனிதர் என்ன ஏது என்று விசாரிக்காமல் நேராக மலையாண்டி வீட்டு வாசலில் போய் நின்று கட்டம் போட்ட பேப்பரை விரித்தார். கருத்தக்கண்ணன் ஒரே அடி. கண்ணாடி தெறித்துச் சாணிக்குள் விழுந்தது. சார் குனிந்து தடவி எடுத்து, வேட்டியில் துடைத்து, ஒரு பக்கம் உடைந்ததை மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வாசித்தார். மறுபடி ஓர் அடி. உதடு கிழிந்தது. மறுபடி வாசித்தார். ஊரே கூடிவிட்டது. நானும் அய்யாவும் தெரு முனையில் நின்று பார்த்தோம். அந்த மனிதர் மேல் எனக்கிருந்த ஆத்திரம் பாதி கரைந்தது அப்போதுதான்.

மூன்றாவது அடி விழுவதற்குள் மாயக்காள் வந்து குறுக்கே நின்றாள். மலையாண்டியின் ஆத்தா. புருஷன் போனதிலிருந்து யாரிடமும் பேசாதவள்.

"மடைத்தண்ணிய முறை வச்சுப் பாச்சுறோம்ல? படிப்ப முறை வச்சா என்ன கேடு? இவரு என்ன பொண்ணா கேட்டு வந்துருக்காரு? எம்புள்ள படிக்கணும்டா."

ஊர்ப் பெரியவர்களுக்கு முறை என்றதும் விளங்கிவிட்டது. ஒரு நாள் அவனுக்கு, ஒரு நாள் இவனுக்கு, ஒரே கூரைக்குக் கீழே ஒரே நேரத்தில் இல்லை, சத்தியம் மீறப்படவில்லை என்று முடித்தார்கள். கருத்தக்கண்ணன் காறித் துப்பிவிட்டுப் போனான்.

மழைக்காலம் வரைக்கும் முறை நடந்தது. மலையாண்டியும் நானும் பார்த்துக்கொள்ளவே இல்லை, ஆனால் பழகினோம். சாயந்திர வகுப்பில் முடியாத கணக்கைப் போர்டில் அப்படியே விட்டுவிட்டு வருவேன். மறுநாள் சாயந்திரம் அவன் வந்து அதை முடித்து வைப்பான். அவன் விட்டதை நான் முடிப்பேன். அவனுக்குக் குறுக்கு வழி தெரியும், எனக்குப் பொறுமை உண்டு. அடுத்த முறைக்காகக் காத்திருந்ததில் பாதி, அவன் என்ன எழுதி வைத்திருக்கிறான் என்று பார்க்கத்தான்.

அன்று எனக்குச் சாயந்திர முறை, அறையில் நானும் சாரும் மட்டும். ஹாலாஸ்யம் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. மலையாண்டி உள்ளே வந்து விழுந்தான். செருப்பு இல்லை, சட்டை நனைந்திருந்தது.

"மருது, ஓடுறா! எங்கண்ணன் வாரான்! சாக்குப்பைக்குள்ள அருவா வச்சிருக்கான்!"

என் பெயரை அவன் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். நான் எழுந்து சுற்றிப் பார்த்தேன். ஜன்னலெல்லாம் கம்பி. கதவு ஒன்றுதான். மலையாண்டி திரும்பி ஓடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தேடினான். வெளியிலிருந்து ஓர் உதை விழுந்தது. கதவு ஒரு முழம் திறந்தது. அவன் வலது கையால் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முதுகால் தள்ளினான்.

"தள்ளிப் போடா!" என்று வெளியே கருத்தக்கண்ணனின் குரல் கேட்டது.

"மாட்டேன்ணே!"

தம்பியின் கை அங்கே இருப்பது தனக்குத் தெரியாது என்றுதான் கோர்ட்டில் சொன்னான். நானும் நம்புகிறேன். அருவாள் கதவிடுக்கில் இறங்கியது. மலையாண்டி கத்தவில்லை. கதவைப் பிடித்திருந்த இடத்தில் விரல் இல்லாமல் தடுமாறி முன்னால் விழுந்தான். விரல்கள் கதவுக்கு இந்தப் பக்கம் கிடந்தன. ரத்தம் சுவரில் என் உயரத்துக்கு அடித்தது.

கருத்தக்கண்ணன் உள்ளே வந்து என்னைப் பார்த்து அருவாளை ஓங்கினான். ஹாலாஸ்யம் மேடையிலிருந்த மர நாற்காலியைத் தூக்கி அவன் மண்டையில் போட்டார். நாற்காலிதான் உடைந்தது. அவன் அவரைத் திரும்பிப் பார்த்தான், அப்போதுதான் தரையைப் பார்த்தான். அருவாளைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தான். "தம்பி, தம்பி" என்று விரல்களைப் பொறுக்கினான். போலீஸ் வந்து இழுக்கிற வரைக்கும் அவற்றைக் கொடுக்க மாட்டேன் என்று மூடி வைத்திருந்தான்.

பெரியாஸ்பத்திரியில் மலையாண்டியின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். கருத்தக்கண்ணன் ஜெயிலுக்குப் போனான். முதல் செமஸ்டர் பரீட்சையை எங்கள் இருவரில் நான் மட்டும் எழுதினேன். கணக்கில் நான்தான் முதல். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த செமஸ்டர் தொடங்குகிறபோது மலையாண்டி திரும்பி வந்தான். பாடமெல்லாம் தலையில் இருந்தது, எழுதக் கை இல்லை. இடது கையால் எழுதப் பழகியும் ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் அந்த ஆள் அதே பாடத்தை மேஜராகப் படிப்பவனாக இருக்கக் கூடாது. ஹாலாஸ்யம் தமிழ் டிபார்ட்மெண்டிலிருந்து ஒரு பையனைப் பிடித்து வந்தார். மலையாண்டி சிக்மா என்று சொன்னால் அவன் அழகாகச் 'சிக்மா' என்று தமிழில் எழுதினான். இன்டெக்ரேஷன் குறியைப் போடச் சொன்னால் பாம்பு வரைந்தான். மலையாண்டி சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் ஹாலாஸ்யத்திடம் போனேன்.

"சார், என்னை ஹிஸ்டரிக்கு மாத்திருங்க."

"போடா வெளியே!" மேஜையில் குத்தினார். "கிளாஸ் ஃபர்ஸ்ட்டுடா நீ! இதுக்காகத்தான் உதை வாங்கினேனா?"

நான் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். சத்தம் இறங்கிக் கேட்டார்.

"காரணம் சொல்லு."

"ஹிஸ்டரிக்குப் போயிட்டா நான் அவனுக்கு எழுதலாம்ல சார்? எனக்குக் கணக்குத் தெரியும். ஆனா நான் கணக்கு மேஜர் இல்ல. சட்டப்படி சரிதான?"

நான் மேலே பேசினேன், அவர் கடைசி வரைக்கும் குறுக்கிடாமல் கேட்டார். அன்றைக்குத்தான் அவர் எனக்கு ஆலோசகராக இருந்தார்.

"அவன் சொல்றதை மட்டும்தான் எழுதணும்" என்றார். "ஒரு புள்ளி கூட்டி எழுதினேன்னு தெரிஞ்சாலும் நானே ரெண்டு பேரையும் பிடிச்சுக் குடுத்துடுவேன்."

கையெழுத்துப் போட்டார். மையை ஊதவில்லை.

அய்யாவிடம் சொன்னேன். தார்க்குச்சியை எடுத்தார். ஓங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை முழங்காலில் வைத்து ஒடித்துப் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். ஊரும் வாய் திறக்கவில்லை. சொந்தத் தம்பியின் கையை வெட்டின பிறகு எவன் சத்தியத்தைப் பற்றிப் பேசுவது?

ஏப்ரலில் பரீட்சை. எங்களுக்கென்று தனி அறை, காவலுக்கு ஒரு வாத்தியார். ஒரே பெஞ்சில் மலையாண்டியும் நானும். அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான், நான் எழுதினேன். அவன் கணக்குப் போடுகிற அழகு இருக்கிறதே! போர்டில் முடிந்த விடையைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். அது அவனுக்குள் பிறக்கிறதை அன்றுதான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

கடைசிப் பெரிய கணக்கில் மூன்றாவது வரியில் மைனஸ் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ப்ளஸ் என்றான்.

என் பேனா நின்றது. வாத்தியார் பின்னால் நின்றிருந்தார். இருமலாமா, காலை மிதிக்கலாமா என்று யோசித்தேன். அவன் அடுத்த வரிக்குப் போய்விட்டான். ப்ளஸ் என்று எழுதினேன். அங்கிருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொரு வரியும் தப்பு என்று தெரிந்தே, பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் சொன்னதை மட்டும் எழுதினேன்.

வெளியே வந்தோம். காலேஜ் வாசல் வேப்ப மரம் வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டேன். கண்ணாடி பறந்தது.

"மைனஸ்டா! அது மைனஸ்டா! அம்புட்டு கணக்கும் போச்சேடா!"

கத்தி முடித்த பிறகுதான் பார்த்தேன். மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்குவாளியோடு மாயக்காள் நின்றிருந்தாள். கையில்லாத பிள்ளைக்கு ஊட்டிவிடச் சோறு கொண்டுவந்திருந்தாள். அவளுடைய புருஷனை வெட்டினவன் வீட்டுப் பிள்ளை அவள் மகனைக் கை நீட்டி அடித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டாள். மலையாண்டி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆத்தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவள் குனிந்து கண்ணாடியை எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"எதுக்குடா அடிச்ச?"

"கணக்கத் தப்பாச் சொன்னான் ஆத்தா."

மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப இன்னொரு அறை போடு" என்றாள்.